தாய்மாமன் கையெழுத்து

9

போன வாரம் தங்கசாமி வீட்டுப் பின்சுவரை இடித்ததோடு நிறுத்தியிருந்தோம். இடிக்க நல்ல நேரம் பார்த்தவர்கள் கட்டக் காசு பார்த்தார்களா என்று வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. தங்கசாமியின் மனைவி சண்முகவடிவும் இரண்டு நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தபோது, சுவர் இருந்த இடத்தில் தொங்கிய தார்ப்பாயை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆடு எட்டிப் பார்த்தது.

“இதுக்குத்தான் வீட்டைக் கட்டுங்க, வீட்டைக் கட்டுங்கன்னு வருசக்கணக்கா அடிச்சுக்கிட்டேனா?” என்று வடிவு ஆட்டைத் துரத்தினாள். “கொசுவம் ஒழுங்கா இருக்கான்னு ஆடு வந்து பாக்குது.”

“இன்னைக்கு ஒரு நாளு பொறு. சாயங்காலம் ரூவா. நாளைக்குச் சிமெண்டு.” தங்கசாமி சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். பைக்குள் இருந்தது ரூபாய் அல்ல, கார்டு.

கார்டைப் பற்றிப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. தங்கசாமி, தாராவியில் காசிம் ராவுத்தரின் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப்போய் விருந்து வைப்பதும் அவன் வேலையில் சேர்த்தி. ராவுத்தர் அந்த மாதிரி ஓட்டல் வாசலை மிதிக்கமாட்டார். அதனால் தன் ஜாமீனில் தங்கசாமி பேருக்கு ஒரு கிளப் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஒரு மாதம் கழித்துத்தான் பில் வரும்.

“சொந்தச் செலவுக்கும் வச்சுக்கோ தம்பி. ஆனா பணம் கட்டுத நாளு தவறிச்சுன்னா எம் பேருல்லா கெட்டுப்போவும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

தங்கசாமி அந்தக் கார்டை வைத்து வீட்டைக் கட்டிவிடலாம் என்று கனவு கண்டான். பின்பக்கம் செங்கல் சுவர், வடிவு நின்றுகொண்டு சமைக்கக் கல் மேடை, குளிக்க ஓடு பதித்த மோரி, மேலே படுக்க ஒரு மாளா. ஆனால் பம்பாயில் எந்தச் செங்கல் வியாபாரியும் சிமெண்டுக் கடைக்காரனும் கார்டை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது செல்லுபடியானது பெரிய ஓட்டல்களிலும் விமானக் கம்பெனியிலும்தான். விமானத்தை வைத்துச் சுவர் எழுப்ப முடியாது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவனுடைய அத்தான் ஞானதுரை, மகள் தங்கமயிலின் நிச்சயதார்த்த விருந்தைச் சர்ச்கேட் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் வைக்கத் தீர்மானித்திருந்தார். தங்கசாமி கார்டில் கையெழுத்துப் போடுவான். ஓட்டலுக்குக் கொடுக்கவேண்டிய ரூபாயை அத்தான் அப்படியே அவனிடம் கொடுத்துவிடுவார். அது சிமெண்டாகும். தோல் கப்பலேறியதும் தங்கசாமிக்குக் கமிஷன் வரும், அதை வைத்து பில்லைக் கட்டிவிடலாம்.

வடிவுக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். ஓட்டை எங்கேயும் தெரியவில்லை.

மே மாதம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஜூன் பிறந்தால் மழை வரும். பம்பாய் மழைக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம் என்பது தாராவிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

*

மாட்டுங்காவில் ஞானதுரை வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம் நல்லபடியாகவே நடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முள் தைத்தது.

தாய்மாமன் சீர் என்று தங்கசாமி கொண்டுவந்தது ஒரு சேலை, ஒரு மாலை, ஒரு தட்டுப் பழம். சேலை மலிவான சேலை இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஆறுமுகத்தாய் அதைத் தொட்டுப் பார்த்த விதத்தில் விலை பாதியாகக் குறைந்துவிட்டது. தாணேயில் மூன்று மளிகைக்கடை உள்ள குடும்பம். எதைத் தொட்டாலும் எடை போடுகிற கை.

“ஒத்த தாய்மாமன்தானே?” என்றாள்.

“ஆமா” என்றாள் தங்கமயிலின் அம்மா பேராச்சி.

“அப்படியா” என்று தட்டை நகர்த்தி வைத்தாள் ஆறுமுகத்தாய். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

பேராச்சி தங்கசாமியின் அக்காள். தம்பியைப் பார்க்காமல் பூவைச் சரிசெய்கிறவளைப்போலத் திரும்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்ததை வடிவு பார்த்தாள். தங்கசாமி வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பம்பாய்க்கு வந்து தோல் சுமந்து, பிறகு கணக்குப் படித்து, இந்த நிலைக்கு வருவதற்குள் அக்காளுக்கு வளைகாப்பு, மருமகளுக்குக் காதுகுத்து, சடங்கு என்று எல்லா விசேஷமும் அவன் கையில் காசில்லாத காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டன.

*

ஓட்டலில் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே முப்பத்தைந்து திருநெல்வேலிக்காரர்கள் நடுங்கிக்கொண்டே சூப் குடித்தார்கள்.

“அத்த, இங்க எல்லாம் ஏக்தம் பஸ்ட் கிளாஸ்” என்று தங்கமயில் வடிவின் காதில் சொன்னாள். பம்பாயில் பிறந்த பெண். நிச்சயம் ஆன சந்தோஷத்தில் இரண்டாவது ஐஸ்கிரீமில் இறங்கியிருந்தாள்.

வந்ததுமே தங்கசாமி கல்லாவில் கார்டைக் காட்டியிருந்தான். ஏற்பாடு என்னவென்றால், எல்லோரும் கைகழுவப் போகும் நேரத்தில் அவன் சத்தமில்லாமல் கல்லாப்பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது. ஆனால் பெரிய ஓட்டலுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே. கார்டுக்காரரைக் கல்லாவுக்கு வரவைப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். தலைப்பாகை வைத்த ஒருவர் வெள்ளித் தட்டில் பில்லையும் பேனாவையும் ஏந்திக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்து வந்தார். மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த ஞானதுரையைத் தாண்டினார். தங்கசாமிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாக் கைகளும் நின்றன.

தங்கசாமி என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டான்.

“அது என்னத்துக்குக் கையெழுத்து?” என்று ஆறுமுகத்தாய் மகனிடம் கேட்டாள். மாப்பிள்ளை பாங்கியில் வேலை பார்க்கிறவன், விவரம் தெரிந்தவன். விவரம் தெரிந்தவர்களால்தான் பாதி வம்பு வருகிறது.

“சாப்பாட்டு பில்லும்மா. மாமா கணக்குல எழுதுதாவ.”

“மொத்தச் சாப்பாடுமா?”

“மொத்தமும்தான்.”

ஆறுமுகத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். தங்கசாமியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பேராச்சியின் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“காலையில நான் ஒரு மாதிரி நெனச்சுட்டேன் சம்பந்தி, மனசுல வச்சுக்கிடாதிய. தட்டுல ஒண்ணு வச்சுட்டு, விருந்தையே சீராச் செஞ்சிருக்காவளே உங்க தம்பி. எங்க பக்கத்துல ஒரு தாய்மாமனும் இப்படிச் செஞ்சதில்ல.”

“அது வந்து...” என்று தங்கசாமி எழுந்தான்.

“பாத்தியளா, சொல்லிக்காட்டக்கூட மாட்டேங்காவ” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. அதற்குமேல் தங்கசாமி என்ன சொன்னாலும் அடக்கத்தில்தான் சேரும். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஞானதுரை பல்குத்தும் குச்சியை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். பேராச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வடிவு ஒருத்திதான் அந்தக் கூடத்தில் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சீரென்று ஊரே சொன்ன பிறகு அதற்கு அத்தானிடம் கைநீட்டிக் காசு வாங்குவது எப்படி? வாங்காவிட்டால் சுவர் எப்படி எழும்பும்?

*

கைகழுவும் அறைக்கு வெளியே, லிப்டுப் பக்கம் ஞானதுரை வடிவுக்காகக் காத்து நின்றார். கடைக்காரர், வாக்குத் தவறாதவர். சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார்.

“பிடிம்மா. யாரும் வாரதுக்குள்ள பையில போடு. சீருன்னு பேசுதவுக பேசிட்டுப் போறாவ. உங்க வீட்டுக்குச் சுவர் வேண்டாமா?”

“நல்லா இருப்பிய அண்ணாச்சி” என்று வடிவு வாங்கிக்கொண்டாள். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது, அவளுக்கு அந்த நிமிஷம் உயிர் வந்தது. கைப்பையின் வாயைக்கூட மூடிவிட்டாள். திரும்பினால் பேராச்சி நின்றிருந்தாள்.

ஞானதுரை லிப்டுக் கதவைப் பார்த்தார். லிப்டும் வரவில்லை.

“எதுக்கு இப்படி முழிக்கிய ரெண்டு பேரும்?” என்றாள் பேராச்சி. “எனக்கு நேத்தே தெரியும். இவுக ரூவாய எண்ணி உறையில போட்டத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

வடிவு கைப்பையைக் கீழே இறக்கினாள். “தெரிஞ்சுமா மயினி அழுதிய?”

“தெரிஞ்சுதான் அழுதேன். அந்தம்மா எந் தம்பியப் பத்தி அப்படிச் சொல்லையில, ஒரு நிமிசம் நெசம்னே நெனச்சுக்கிட்டேன்.” பேராச்சி சிரிக்கப் பார்த்தாள். “இவுக ஆளுக ஒரு விசேஷத்துலயாவது உந் தம்பி என்ன செஞ்சான்னு கேக்காம இருந்ததில்ல. இன்னைக்குத்தான் யாரும் கேக்கல. அது போதும். நீ ரூவாயப் பத்திரமா வையி, ரயில்ல கூட்டமா இருக்கும்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள்.

இந்த நாத்தனாரோடு வடிவு சண்டை போடாத பொங்கல் கிடையாது. நீ சமைத்த குழம்பில் உப்பில்லை என்று சொன்னவள், உன் சேலை நிறம் வெளுத்துவிட்டது என்று சொன்னவள். ஆனால் தம்பி ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதை மட்டும் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

வடிவு கைப்பையைத் திறந்தாள். உறையை எடுத்து ஞானதுரையின் கையில் வைத்தாள்.

“நெசமாவே இருக்கட்டும் மயினி.”

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?” என்றாள் பேராச்சி.

“கிறுக்கில்ல. சீருன்னு ஆயாச்சு, சீராவே இருக்கட்டும்.”

ஞானதுரைக்குத் தாளவில்லை. “சுவர் இல்லாத வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னம்மா சீர் வேண்டிக்கெடக்கு?”

“சீர் வாங்கினவுக திருப்பிச் செய்யணும்லா அண்ணாச்சி?” வடிவு இப்போது நிமிர்ந்து நின்றாள். “எங்க வீட்டுப் பால்காய்ப்புக்கு நாலு பேரு பாக்கத் தட்டுல வச்சுக் கொண்டாங்க. மறைச்சு வாங்க மாட்டேன். தட்டுல வந்தா விடமாட்டேன்.”

ஞானதுரை அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “எங் கடையில உன்ன உக்கார வச்சிருந்தா நான் இந்நேரம் தாதர்ல ரெண்டு கடை போட்டிருப்பேன்” என்றார்.

அவர் சிரித்த சத்தத்துக்கு ஆறுமுகத்தாய் வந்துவிட்டாள். விசேஷம் என்ற வாசனை அவளுக்குச் சுவரைத் தாண்டியும் எட்டும்.

“யாரு வீட்டுல பால்காய்ப்பு?”

“எங்க வீட்டுலதான்” என்றாள் வடிவு.

“என்னைக்கு?”

இதற்கு வடிவு பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது. கார்டு பில்லோ ஒரு மாதத்தில் வந்துவிடும். வாய் தானாகச் சொன்னது.

“வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை. நீங்க குடும்பத்தோட வரணும்.”

“வராம? நம்ம மாமன் வீடுல்லா” என்றாள் ஆறுமுகத்தாய். “தாணேயில இருந்து விடியக்காலம் வந்து சேர முடியாது. மொத நாளே வந்து தங்கிருதோம். ஒம்பது பேரு.”

பேராச்சி பயந்துபோய் வடிவின் முழங்கையைப் பிடித்தாள்.

“தாராளமா வாங்க” என்றாள் வடிவு. “எடமெல்லாம் நெறையக் கெடக்கு.” இடம் நிறைய இருந்தது உண்மைதான். பின்பக்கம் முழுக்கத் திறந்துதானே கிடந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதிய ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிராண்ட் ரோடு தாண்டியதும் தங்கசாமி மெதுவாகக் கேட்டான்.

“வாங்கிட்டியா?”

“வாங்கினேன். திருப்பிக் குடுத்துட்டேன்.” நடந்ததையெல்லாம் சொன்னாள், ஒன்பது பேர் உட்பட.

தங்கசாமி தலையில் கைவைத்துக்கொண்டான். “கார்டு பில்லு வந்தா என்ன செய்ய? ராவுத்தர் மொகத்துல எப்படி முழிக்க?”

“பால்காய்ப்புல உங்க அக்கா தட்டு வரும். மத்தவுக மொய் வரும். பில்லக் கட்டிருவோம். அவுக பேரு கெடாது.”

“பால் காய்ச்ச வீடு வேணும்லா?”

“அதுதான் பாக்கி.”

அவனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. தாதர் வந்ததும் கேட்டான்.

“அக்கா அழுதாளா?”

“அழுதாவ. சந்தோசமா அழுதாவ.”

தங்கசாமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாஹிமில் இறங்கும்போது அவள் கைப்பையைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை. வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

*

வீட்டில் கொத்தனார் பிரம்மநாயகம் இடித்த செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வடிவைக் கண்டதும் பீடியை அணைத்தார்.

“சிமெண்டு கெடைக்கதே குதிரைக்கொம்பா இருக்கு. கடைக்காரன் நமக்குன்னு எடுத்து வச்சிருக்கான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரூவா கட்டலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்.”

“வைகாசி கடைசி வெள்ளிக்குப் பால்காய்ப்பு வச்சாச்சு கொத்தனாரே.”

பிரம்மநாயகம் விரலை மடக்கிப் பார்த்தார். “ரெண்டு ஆளு கூடப் போட்டா முடிச்சிரலாம். ஆனா நான் வெறுங்கையால சுவர் வைக்க மாட்டேன்லா? ரூவா?”

வடிவு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் யோசித்ததைச் சொன்னாள். கார்டு இன்னும் தங்கசாமி பையில்தான் இருக்கிறது. விருந்து வைக்கப்போகிற வேறு ஒருவருக்கு அவன் கையெழுத்துப் போடுவான். ரூபாயை அவர்கள் இந்தத் தடவை முதலிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த பில் வருவதற்குள் தோல் கமிஷன் வந்துவிடும்.

“ஒண்ணே ஒண்ணு. இவுக தாய்மாமன் முறை வராத எடமா இருக்கணும்” என்றாள்.

தங்கசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

“ஒரு ஆளு இருக்காரு. மகளுக்குக் காதுகுத்து வச்சிருக்காரு. கோட்டைப் பக்கம் பெரிய ஓட்டல்ல விருந்து வைக்கணும்னு சொல்லிட்டுத் திரியுதாரு. ரூவாயும் தயாரா இருக்கு. ஆனா சொன்னா நீங்க கோவிக்கப்படாது.”

“நான் எதுக்குக் கோவிக்கேன்? யாரு?”

“உங்க தம்பி ஜம்பு.”

தங்கசாமி சிரிப்பதை நிறுத்தினான்.

ஜம்பு வடிவோடு கூடப்பிறந்த ஒரே தம்பி. ஆண்டாப் ஹில்லில் இருக்கிறான், லாரி ஓட்டப்போய் இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம் ஆகிறது. இந்த வாசப்படியை மிதிக்காதே என்று அவனைப் பார்த்துச் சொன்னவள் வடிவுதான். சொன்ன சொல்லை அவன் இன்றுவரை காப்பாற்றி வந்தான்.

“வேண்டாம் வடிவு” என்றான் தங்கசாமி. “வேற யாரையாவது பாப்போம்.”

வடிவுக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. பெரியவளுக்கா, சின்னவளுக்கா? சின்னவளை அவள் பார்த்ததே இல்லை. அவள் பெயர்கூடத் தெரியாது. காது குத்துகிற பிள்ளைக்கு அத்தை ஒருத்தி இருக்கிறாள், அந்த அத்தைக்குக் கொத்தனார் சொல்லித்தான் விஷயம் தெரிகிறது.

அழுகை வந்தது. கொத்தனார் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து நின்றாள். கோபம் வரட்டும் என்று பார்த்தாள், கொஞ்சம் வந்தது, நிற்கவில்லை.

“அவன் என்ன சொன்னான்? எங்கிட்டச் சொல்லாதன்னு சொன்னானா?”

“இல்லம்மா” என்றார் பிரம்மநாயகம். “அக்கா வீட்டுல வேலை எப்படி நடக்குன்னு பாக்கும்போதெல்லாம் கேப்பாரு.”

வடிவு ஈரம் காயாத கண்ணோடு திரும்பினாள்.

“ஆண்டாப் ஹில்லுக்குக் காலையில மொத பஸ் எப்ப கொத்தனாரே?”